பழனி மலையில் கறிமுயல்: கூண்டிலிருந்து குழம்பு வரை

கீழே இருந்து வரும் உறவுக்காரர்கள் காபி குடித்து முடிப்பதற்குள் கேட்டுவிடுவார்கள். "மலையில இருக்கீங்க, ஒரு காட்டு முயலு கிடைக்காதா?" கிடைக்காது. ராத்திரி தங்கினால் வீட்டு முயலில் குழம்பு வைத்துத் தருகிறேன் என்பேன். சாப்பிட்டவர்கள் அடுத்த முறை வரும்போது காட்டு முயலைப் பற்றிப் பேசுவதில்லை. கூண்டு வைப்பது எப்படி என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காட்டு முயலைப் பற்றிப் பேசி முடித்துவிடுவோம். பிடரியில் கறுப்புத் திட்டோடு புல்வெளி ஓரங்களில் அந்தி நேரத்தில் மேய்கிறதே, அது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள உயிர். கண்ணி வைப்பது, வலை போடுவது, நாயை விட்டு விரட்டுவது, டார்ச் அடித்துப் பிடிப்பது எல்லாமே சட்டப்படி வேட்டைதான். 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். போதாததற்கு, பழனி மலையின் ஒரு பெரிய பகுதி 2013 முதல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம். சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் குறைந்தபட்சத் தண்டனையே 3 ஆண்டு. கறியை விலைக்கு வாங்கினாலும் தப்ப முடியாது.

ஆனால் நான் வேண்டாம் என்பதற்குக் காரணம் சட்டம் மட்டும் இல்லை. காட்டு முயல் வளை தோண்டாது. குட்டியைப் புல் மறைவில் அப்படியே போட்டுவிட்டு, பால் கொடுக்க மட்டும் வந்து போகும். கண்ணியில் ஒரு தாய் விழுந்தால் எங்கோ புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும் குட்டிகளும் சேர்ந்து போகும். அதைப் பிடித்தவன் பார்க்கப்போவதில்லை. கூண்டில் வளரும் முயலோ வேறு இனம், ஐரோப்பாவிலிருந்து வந்தது. கறிக்கென்றே வளர்ப்பது. அதன் வயசு, அது தின்றது, அதற்கு வந்த நோய் எல்லாம் நமக்குத் தெரியும். கறி நன்றாக வருவதே அதனால்தான்.

எங்கே வாங்குவது, எதைப் பார்ப்பது

எங்கள் மலைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம் மன்னவனூரில்தான் இருக்கிறது. ஆட்டைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்களில் பலர் முயல் கொட்டகையைக் கவனிப்பதே இல்லை. அங்கே வளர்ப்பது ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா ஆகிய கறி இனங்கள். நீலகிரிக்காரர்கள் சாண்டிநல்லாவில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். எங்கே போனாலும் குட்டி இருப்பு எப்போது என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டு இனமும் வளர்ந்தால் 4 கிலோவுக்குப் பக்கத்தில் வரும். ஒயிட் ஜெயன்ட் தூய வெள்ளை, சிவப்புக் கண். சின்சில்லா சாம்பல் நிறம். எனக்குச் சின்சில்லாவின் மேல்தான் விருப்பம். பனிக்காலத்தில் கொஞ்சம் திடமாக நிற்கிறது என்பது என் அனுபவம்.

வாங்கும்போது காதின் உட்புறத்தை விரித்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தால் காதுச் சொறி. முன்கால்களின் உள்பக்க முடி ஈரமாக ஒட்டிக் கிடந்தால் அது மூக்கைத் துடைத்துக்கொண்டே இருக்கிறது, சளி இருக்கிறது என்று அர்த்தம். வாலுக்கு அடியில் அழுக்கு இருந்தால் கழிச்சல். இந்த மூன்றில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் சரி. ஆரம்பத்துக்கு ஒரு ஆண், மூன்று பெண் போதும். ஆணை வேறு இடத்திலிருந்து எடுங்கள், ஒரே வயிற்றுப் பிள்ளைகளாக வேண்டாம்.

காதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. பிடரித் தோலை ஒரு கையால் பற்றி, மறு கையைப் பின்பக்கத்துக்கு அடியில் கொடுத்து உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். பின்காலைத் தாங்காமல் தொங்கவிட்டால் அது உதைக்கிற உதையில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும்.

கூண்டு

முயலுக்குக் குளிர் பெரிய பகை இல்லை. வெயில்தான் பகை. கீழே வத்தலகுண்டில் சித்திரை மாதம் மின்விசிறி போட்டாலும் ஆண் முயல் சூட்டில் சோர்ந்து, கொஞ்ச காலம் குட்டிக்கு உதவாமல் போய்விடும். மேல்மலையில் அந்தக் கவலை கிடையாது. இங்கே பார்க்க வேண்டியது ஈரமும் காற்றும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் பக்கவாட்டில் அடிக்கும். மேற்குப் பக்கம், மழை அடிக்கும் பக்கம் இரண்டையும் தகரத்தாலோ தார்ப்பாயாலோ மறையுங்கள். அதற்காக முழுக்க அடைத்துவிடாதீர்கள். மூத்திர நெடி உள்ளே தங்கினால் மூக்குச் சளி நிச்சயம். கொட்டகைக்குள் நீங்கள் குனிந்து நின்றால் கண் எரியக் கூடாது. எனக்கு அதுதான் அளவுகோல்.

ஒரு பெரிய முயலுக்கு 2 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரம். குட்டி ஈனும் பெண்ணுக்கு நீளம் இன்னும் அரையடி கூட. தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்தி வையுங்கள். அடிப்பகுதிக்கு வெல்ட் மெஷ், புழுக்கை கீழே விழும் அளவுக்கு. கோழிவலை மெல்லியது, பாதத்தை அறுக்கும். கம்பி மேலேயே எப்போதும் நின்றால் குதிகாலில் புண் வரும், அதனால் மூலையில் ஒரு பலகைத் துண்டு போட்டுவிடுங்கள். கீரியும் காட்டுப் பூனையும் எங்கள் பக்கம் உண்டு. தாழ்ப்பாள் நல்லதாக இருக்கட்டும். இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் விடாதீர்கள், கடித்துக் குதறிக்கொள்ளும்.

தீவனம்

என் முதல் வருஷ நஷ்டம் இங்கேதான். ஒரு கார்த்திகை மாதம், தோட்டத்தில் முட்டைக்கோஸ் வெட்டி முடித்து வெளி இலைகள் மலையாகக் கிடந்தன. வீணாகிறதே என்று விடியற்காலையில் பனி ஈரத்தோடு அள்ளி, பால் மறந்து ஒரு வாரமே ஆன குட்டிகளுக்குப் போட்டேன். சாயங்காலம் வயிறு பந்துபோல உப்பிக்கொண்டது. தட்டினால் மத்தளச் சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு மூலையில் குறுகி உட்கார்ந்தன. முயலுக்கு வாந்தி எடுக்கவும் வராது. மறுநாள் காலைக்குள் ஏழு போய்விட்டன. அந்தக் கூண்டின் முன்னால் நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

அன்றிலிருந்து என் வீட்டில் பச்சை எதுவும் ஈரத்தோடு கூண்டுக்குள் போவதில்லை. இன்று அறுத்ததை நிழலில் விரித்து வாடவைத்து நாளைக்குத்தான் போடுகிறேன். கிக்குயூ புல் இங்கே வரப்பெல்லாம் படர்ந்து கிடக்கிறது, அதுவே நல்ல அடிப்படை. கேரட் தழை நல்லது. கோஸ் இலை ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், குட்டிகளுக்கு அறவே வேண்டாம். உருளைக்கிழங்குச் செடி, பட்டர் ஃப்ரூட் இலை, உண்ணிச்செடி, ஊமத்தை இவையெல்லாம் விஷம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டத்துக்குள் முயல் வளர்ப்பவர்கள் பட்டர் ஃப்ரூட் மரத்தடியில் புல் அறுக்கும்போது உதிர்ந்த இலை கலக்காமல் பாருங்கள்.

புல் மட்டும் போட்டால் உயிரோடு இருக்கும், கறி ஏறாது. மக்காச்சோள ரவை, கோதுமைத் தவிடு, கடலைப் பிண்ணாக்கு, கொஞ்சம் தாது உப்புக் கலவை சேர்த்துப் பிசிறி அடர் தீவனமாக வைக்கலாம். குச்சித் தீவனம் கிடைத்தால் வேலை மிச்சம். பெரிய முயலுக்கு நாளுக்கு 100 கிராம் அடர் தீவனமும் 250 கிராம் பச்சையும் சரியான அளவு. குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு அடர் தீவனத்தை 150 கிராமாக ஏற்றுங்கள். பிண்ணாக்கில் பூஞ்சை வாசம் வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும், நிப்பிள் பாட்டில் என்றால் மார்கழியில் காலையில் உறைந்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். விடியும் முன் முயல் தன் மெத்தென்ற புழுக்கையைத் தானே தின்னும். பயப்பட வேண்டாம், அது அதன் இயல்பு. மாடு அசைபோடுகிற மாதிரி.

சினை, குட்டி

பெண்ணுக்கு 6 மாதம் ஆனபிறகு ஆணோடு சேர்த்துவிடுங்கள். எப்போதும் பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாற்றிச் செய்தால் தன் இடத்துக்குள் வந்துவிட்டது என்று பெண் கடிக்கும். சேர்ந்ததும் ஆண் ஒரு பக்கமாகச் சரிந்து விழும், அதுதான் அடையாளம். சினைக்காலம் சராசரி 31 நாள். 27-ஆம் நாள் ஈனும் பெட்டியை வையுங்கள், உள்ளே காய்ந்த புல்.

ஈனுவதற்கு முந்தைய இரவு அது செய்வதை ஒருமுறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாய் நிறைய வைக்கோலைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு பெட்டிக்குப் போகும். குழி பறிக்கும். அப்புறம் தன் நெஞ்சிலிருந்தும் வயிற்றிலிருந்தும் முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி உள்ளே அடுக்கும். காலையில் அந்தப் பஞ்சுக் குவியல் மெல்ல ஏறி இறங்கும். விலக்கினால் இளஞ்சிவப்பில், முடியில்லாமல், கண் திறக்காத ஆறு ஏழு குட்டிகள் விரல் நீளத்துக்கு.

தாய் நாளுக்கு ஒரு முறைதான், அதுவும் சில நிமிடங்கள்தான் பால் கொடுக்கும். தாய் கிட்டவே போகவில்லை என்று புதியவர்கள் கலங்கிப்போவார்கள். குட்டியின் வயிறு உருண்டையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சுருங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். செத்தது இருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். 10, 12 நாளில் கண் திறக்கும். 5 வாரத்தில் தாயைப் பிரிக்கலாம்.

நோய் வந்தால் கால்நடை மருத்துவரிடம் போவதுதான் வழி. காதுச் சொறிக்கு ஊசி உண்டு, சீக்கிரம் தீரும். ஊசியோ மருந்தோ கொடுத்த முயலை எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்று அவரிடமே கேட்டுக் கூண்டில் சாக்பீஸால் எழுதிவையுங்கள்.

எப்போது அறுப்பது

12 முதல் 14 வாரம், உயிர் எடை 2 கிலோவுக்குப் பக்கம். அதற்கு மேல் வைத்திருந்தால் தின்கிற தீவனத்துக்குக் கறி ஏறாது, சதையும் இறுகும். 2 கிலோ முயலில் சுமார் ஒரு கிலோ கறி கிடைக்கும்.

முந்தைய இரவே தீவனத்தை எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். குடல் காலியாக இருந்தால் சுத்தம் செய்வது எளிது. காலையில் மற்ற முயல்கள் பார்க்காத இடத்துக்கு அதைக் கொண்டு போங்கள். துரத்திப் பிடிக்காதீர்கள். நாங்கள் கூண்டிலிருந்து எடுத்துச் சாக்கில் சுற்றி, கொஞ்ச நேரம் மடியில் வைத்திருப்போம். எனக்குக் கற்றுக் கொடுத்த மாமா முதல் நாளே சொன்னது இதுதான்: "கை நடுங்கினா இன்னைக்கு வேண்டாம் மாப்ள, நாளைக்குப் பாத்துக்கலாம்." அன்று என் கை நடுங்கியது. மறுநாள்தான் செய்தேன். பயந்து துடித்துச் செத்த முயலின் கறி விறைப்பாக இருக்கும், அது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் சொல்லவில்லை. நம் கையில் வளர்ந்த உயிர், கடைசி நிமிடமும் நம் பொறுப்புதான்.

பின்காலைப் பிடித்துத் தூக்கி, காதுக்குப் பின்னால் பிடரியில் கனமான கட்டையால் உறுதியாக ஒரே அடி. உணர்வு போய்விடும். உடனே தாடைக்குக் கீழே கழுத்தைக் கூரான கத்தியால் ஆழமாக ஒரே இழுப்பில் அறுத்து, தலைகீழாகத் தொங்கவிடுங்கள். ஹலால் முறையில் செய்பவர்கள் அடிக்காமல், இறைவன் பெயர் சொல்லி நேராக அறுப்பார்கள். எந்த முறையானாலும் கத்தி முக்கியம், முந்தைய நாளே தீட்டி வையுங்கள். ரத்தம் முழுதும் வடிய 5 நிமிடம் விடுங்கள். சரியாக வடியாவிட்டால் கறி கறுத்து, வாடை அடிக்கும்.

தோல் உரிப்பது

சூடு ஆறும் முன் உரிக்க வேண்டும். ஆட்டைவிட இது பத்து மடங்கு எளிது. இரண்டு பின்காலையும் விரித்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். கணுக்காலைச் சுற்றித் தோலில் மட்டும் ஒரு வளையம் கீறுங்கள். அங்கிருந்து உள்தொடை வழியாக மறுகால் வரை ஒரு கீறல். விரலை விட்டுத் தோலைச் சதையிலிருந்து பிரித்து, இரண்டு கையாலும் கீழ்நோக்கி இழுத்தால் பிள்ளைக்கு ஸ்வெட்டர் கழற்றுவது மாதிரி மொத்தமாக வந்துவிடும். முன்கால், தலைப் பக்கம் மட்டும் கத்தி உதவி வேண்டும். முடி கறியில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் கழுவிக் கழுவியும் போகாது. கையை நனைத்துக்கொண்டு வேலை செய்தால் முடி பறக்காது.

வயிற்றைத் திறக்கும்போது கத்தி முனை மேலே பார்க்கட்டும், இரண்டு விரலைக் கீழே கொடுத்து வயிற்றுச் சுவரைத் தூக்கிப் பிடித்துக் கீறுங்கள். கீழ்ப்பக்கம் மூத்திரப்பை நிறைந்திருக்கும், அதை நசுக்காமல் பையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வெட்டி எடுங்கள். குடலை மொத்தமாக இறக்குங்கள். ஈரலில் கரும்பச்சையாக ஒட்டியிருக்கும் பித்தப்பையைக் கொஞ்சம் ஈரல் சதையோடு சேர்த்தே வெட்டி எறியுங்கள். அது உடைந்தால் பட்ட இடமெல்லாம் கசக்கும்.

ஈரலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சீராக, பளபளப்பாக, அடர் சிவப்பில் இருக்க வேண்டும். வெள்ளைப் புள்ளிகள், சீழ் மாதிரி முடிச்சுகள் இருந்தால் ரத்தக் கழிச்சல் நோயின் அடையாளமாக இருக்கலாம். நான் அந்த ஈரலைச் சமைக்க மாட்டேன், மற்ற முயல்களையும் மருத்துவரிடம் காட்டுவேன். உடம்பே மெலிந்து, சதையிலும் கட்டி இருந்தால் முழுவதையும் ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

ஆறவிடுவது

எல்லோரும் தவறவிடுவது இந்த இடத்தில்தான். அறுத்த சூட்டோடு சட்டியில் போட்டால் கறி ரப்பராகிவிடும். அப்புறம் முயல் கறி என்றாலே நார் என்று சொல்லிக்கொண்டு திரிவார்கள். கழுவி, துணியால் ஒற்றி, மூடி ஃபிரிட்ஜில் ஒரு இரவு வையுங்கள். விறைப்பு இறங்கி, சதை தளரும்.

மறுநாள் துண்டு போடும்போது அரிவாளால் கொத்தாதீர்கள். முயல் எலும்பு மெல்லியது, கொத்தினால் ஊசி ஊசியாகச் சிதறித் தொண்டையில் குத்தும். மூட்டு மூட்டாகக் கத்தியால் பிரியுங்கள். முன்கால் உடம்போடு சேரும் இடத்தில் எலும்பு மூட்டே கிடையாது, சதையை அறுத்தாலே கழன்றுவிடும். பின்தொடையை மடக்கி மூட்டைத் திருப்பி அறுங்கள். நடு முதுகை முதுகெலும்புக் கணுவில் மூன்றாகப் பிரியுங்கள். முதுகின் மேல் வெள்ளியாக மின்னும் சவ்வை உரித்துவிடுங்கள், வெந்தால் சுருக்கி இழுக்கும்.

குழம்பு

முயல் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால் எண்ணெயில் கஞ்சத்தனம் பண்ணக் கூடாது, பெரிய தீயில் அவசரப்படவும் கூடாது. ஒரு கிலோ கறிக்கு அளவு சொல்கிறேன்.

கறியில் மஞ்சள்தூள், கல்லுப்பு, 3 கரண்டி தயிர் பிசிறி ஒரு மணி நேரம் வையுங்கள். வெறும் சட்டியில் 3 மேசைக்கரண்டி மல்லி, 2 தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி சோம்பு, 8 காய்ந்த மிளகாய் இவற்றைச் சிறு தீயில் வறுத்து அரையுங்கள். மிளகு தாண்டிக்குடி மிளகாக இருந்தால் நல்லது. அரைமூடித் தேங்காயைத் தனியாக வழுவழுவென்று அரையுங்கள்.

பூண்டுக்கு நான் மலைப்பூண்டு தவிர வேறு தொடமாட்டேன். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு. காரமும் வாசமும் கூட, அதனால் 12 பல் போதும். கடைப்பூண்டு என்றால் 20 பல். பாதியை இஞ்சியோடு அரைத்து, பாதியை முழுசாகப் போடுங்கள்.

மண்சட்டியில் 100 மில்லி நல்லெண்ணெய். பட்டை, கல்பாசி, கறிவேப்பிலை, கால் கிலோ சின்ன வெங்காயம். வெங்காயம் பொன்னிறமானதும் பூண்டு, இஞ்சி விழுது. பச்சை வாசம் போனதும் இரண்டு தக்காளி. அது குழைந்து எண்ணெய் ஓரம் விடும்போது கறியைப் போட்டு, தண்ணீர் விடாமல் 10 நிமிடம் புரட்டுங்கள். கறி தானே நீர் விடும். அந்த நீர் வற்றியதும் அரைத்த மசாலா, பிறகு கறி மூழ்கும் அளவு சுடுதண்ணீர். மூடி, சிறு தீ.

எவ்வளவு நேரம்? இங்கே ஒரு விஷயம். மன்னவனூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. கீழே முக்கால் மணியில் வேகும் இளம் முயல் இங்கே குக்கர் இல்லாமல் சட்டியில் ஒன்றேகால் மணி எடுக்கிறது. சமவெளியில் இருக்கும் அக்கா சொன்ன நேரத்தை நம்பி இறக்கிவிட்டுக் கறி வேகவில்லை என்று புலம்ப வேண்டாம். தொடைச் சதையை விரலால் அழுத்தினால் எலும்பிலிருந்து விலகும், அதுதான் கணக்கு. அவசரம் என்றால் குக்கரில் 4 விசில். குட்டி ஈன்று ஓய்ந்த கிழட்டு முயல் என்றால் 8 விசிலும் ஆகலாம். அதைக் குழம்பாக வைப்பதைவிட, மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசமாக வைத்துச் சளி பிடித்தவர்களுக்குக் கொடுப்பது மேல்.

வெந்த பிறகு தேங்காய் விழுது. ஒரே கொதி, இறக்கிவிடுங்கள். அரைமணி நேரம் மூடி வையுங்கள். மேலே எண்ணெய் மிதந்து வரும்போதுதான் பரிமாற வேண்டும்.

ஈரலையும் இருதயத்தையும் குழம்பில் போடாதீர்கள், கட்டியாகிவிடும். நான்கு துண்டாக நறுக்கி, எண்ணெயில் சின்ன வெங்காயத்தோடு நன்றாக வேகும்வரை வதக்கி, உப்பும் மிளகும் தூவி அடுப்படியில் காத்து நிற்கிற பிள்ளைகளுக்குக் கொடுங்கள். என் வீட்டில் அது தட்டுக்கே வருவதில்லை.

குழம்புக்குச் சோறு சரிதான். ஆனால் வெளியே மஞ்சு மூடி, கை விறைத்திருக்கும் இரவில் களிதான் பொருத்தம். சூடான ராகிக் களியை நடுவில் குழித்து அதில் குழம்பை ஊற்றிக்கொள்ளுங்கள். மிச்சமிருந்தால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் இட்லிக்கு எடுங்கள். சூடு பண்ணும்போது புதுசாகத் தண்ணீர் விடாமல், சிறு தீயில் அடியைக் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள்.